அடியில் எத்தனை மணி நேரம்?

1960 ஜனவரி 23 அன்று, பசிபிக் பெருங்கடலின் மரியானா அகழியில், சேலஞ்சர் பள்ளம் என்று பெயர் பெற்ற இடத்தில் இரண்டு பேர் கடலின் ஆக ஆழமான தரையைத் தொட்டார்கள். ஒருவர் சுவிட்சர்லாந்தின் ஜாக் பிக்கார். இன்னொருவர் அமெரிக்கக் கடற்படை அதிகாரி டான் வால்ஷ். அவர்கள் போன கலத்தின் பெயர் திரியெஸ்தே. இறங்குவதற்கே ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆனது. 9,000 மீட்டர் தாண்டியதும் வெளிப்புறக் கண்ணாடி ஒன்றில் விரிசல் விழுந்து கலம் அதிர்ந்தது. அவர்கள் திரும்பவில்லை. ஏறத்தாழ 10,900 மீட்டரில் தரை வந்தது. அங்கே இருந்தது இருபது நிமிடம். கலம் உட்கார்ந்ததும் கிளம்பிய வண்டல் பால்போல் சூழ்ந்துகொண்டது. படம் எடுக்க வழியில்லை. ஜன்னல் வழியே ஒரு தட்டை மீனைப் பார்த்தேன் என்று பிக்கார் சொன்னார். அவ்வளவு ஆழத்தில் மீனின் உடல் தாங்காது என்பது இன்றைய உயிரியலாளர்களின் முடிவு. அது கடல் அட்டையாக இருந்திருக்கலாம்.

அந்தத் தட்டை மீன் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். உயிரைப் பணயம் வைத்துப் போன இரண்டு பெரிய மனிதர்களின் கண்ணுக்கு இருபது நிமிடம் கிடைத்தது. அதிலிருந்து நமக்கு வந்து சேர்ந்தது தீராத ஒரு சந்தேகம். அடுத்த மனிதர் அந்தத் தரைக்குப் போக 52 ஆண்டுகள் ஆயின. திரைப்பட இயக்குநர் ஜேம்ஸ் கேமரன் 2012 மார்ச் 26 அன்று தனி ஆளாக இறங்கினார். ஆழ்கடல் என்றாலே செய்தியில் முதலில் வருவது எத்தனை மீட்டர் என்ற எண்தான். எத்தனை மணி நேரம் அடியில் இருந்தார்கள், எவ்வளவு தரையைப் பார்த்தார்கள் என்பது கடைசி வரியில்கூட வருவதில்லை. மனிதர் போவதா, எந்திரத்தை அனுப்புவதா என்று அறுபது ஆண்டுகளாக நடக்கும் வாதத்தையும் இந்தக் கணக்கை வைத்தே தீர்க்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

கணக்கு நமக்குப் பெருமை தருவதாக இல்லை. 2025-இல் வெளியான ஓர் ஆய்வு, 1958 முதல் நடந்த சுமார் 44,000 ஆழ்கடல் இறக்கங்களின் பதிவுகளைத் திரட்டியது. மனிதக் கண்ணோ கேமராவோ நேரில் பார்த்த ஆழ்கடல் தரை மொத்தத்தில் 0.001 சதவீதம். பரப்பாகச் சொன்னால் 3,800 சதுர கிலோமீட்டர் சொச்சம். தமிழ்நாட்டின் பரப்பில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. அதிலும் 97 சதவீதத்தைப் பார்த்தவை அமெரிக்கா, ஜப்பான், நியூசிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி ஆகிய ஐந்து நாடுகள். இந்தியப் பெருங்கடல் நம் பெயரைத் தாங்கியிருக்கிறது. அதன் அடியைப் பார்த்தவர் கணக்கில் நம் பங்கு மிகச் சிறியது.

வரைபடம் வேறு, பார்ப்பது வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். கப்பலில் இருந்து ஒலியை அனுப்பி, எதிரொலியை வைத்து மேடு பள்ளத்தைக் குறிக்கலாம். 2025 நடுவில் உலகக் கடல் தரையில் 27.3 சதவீதம் இப்படி வரையப்பட்டிருந்தது. அதில் மலை தெரியும். மலைமேல் நிற்கும் பவளம் தெரியாது. ஓர் ஊரின் நில அளவைப் படத்தைப் பார்த்துவிட்டு அந்த ஊர் மனிதர்களைத் தெரியும் என்று யாரும் சொல்வதில்லை.

இவ்வளவு குறைவாகப் பார்த்ததற்குக் கடல் மூன்று தடைகளை வைத்திருக்கிறது. முதலாவது அழுத்தம். பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 6,000 மீட்டரில் ஒரு சதுர செண்டிமீட்டர் மேல், அதாவது சுண்டுவிரல் நகத்தளவு இடத்தில், 600 கிலோ அமரும். பழைய மாருதி 800 காரின் எடைக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஆய்வுக் கப்பல்களில் ஒரு வழக்கம் உண்டு. தெர்மாகோல் கோப்பையில் பேனாவால் பெயரெழுதி, படம் வரைந்து, வலைப்பையில் போட்டுக் கலத்தின் வெளிப்புறத்தில் கட்டி அனுப்புவார்கள். மேலே வரும்போது அது விரல்நுனியில் தொப்பி போல மாட்டிக்கொள்ளும் அளவுக்குச் சுருங்கியிருக்கும். உருவம் கெடுவதில்லை, எழுத்தும் படமும் அப்படியே சிறுத்து இருக்கும். தெர்மாகோலுக்குள் இருந்த காற்றைக் கடல் பிழிந்து எடுத்துவிடுகிறது. மனிதர் உட்காரும் கோளத்துக்குள் இருப்பதும் அதே காற்றுதான்.

இரண்டாவது இருட்டு. சூரிய ஒளியில் பயிர் வளரும் அடுக்கு ஏறத்தாழ 200 மீட்டரோடு முடிகிறது. 1,000 மீட்டருக்குக் கீழே பகல் என்பதே இல்லை. மூன்றாவது தடையைப் பலர் யோசித்திருக்க மாட்டார்கள்: ரேடியோ அலை கடல்நீரில் போகாது. செவ்வாய்க் கோளில் இருக்கும் வண்டியோடு பேசலாம். நான்கு கிலோமீட்டர் கீழே இருக்கும் எந்திரத்தோடு அப்படிப் பேச முடியாது. ஒலி ஒன்றுதான் வழி. நீரில் ஒலி நொடிக்கு 1,500 மீட்டர் போகும். 6,000 மீட்டர் ஆழத்துக்கு ஒரு சொல் போக நான்கு நொடி, பதில் வர நான்கு நொடி. அந்த வழியில் தெளிவான வீடியோ ஏறி வராது.

ஆகவே மூன்று வகைக் கலங்கள் வளர்ந்தன. கேபிளில் கட்டி இறக்கும் எந்திரம் ஒன்று, ஆர்.ஓ.வி. என்பார்கள். மின்சாரமும் கட்டளையும் கேபிள் வழியே கீழே போகும், படம் மேலே வரும், கப்பலில் உட்கார்ந்து ஓட்டலாம். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த காலத்தில் குளிப்பவரின் இடுப்புக் கயிற்றைப் படகில் பிடித்திருக்க மைத்துனரைத்தான் நிறுத்துவார்கள் என்று தென்கரையில் சொல்வார்கள். தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது, பிடி தளராது என்ற நம்பிக்கை. ஆர்.ஓ.வி.யின் கேபிளும் அப்படிப்பட்டதுதான். அறுந்தால் எல்லாம் போயிற்று. இரண்டாவது வகை கேபிளே இல்லாத தானியங்கிக் கலம். மேலேயே பாதையைச் சொல்லிவிட்டால் ஒரு நாள், சில வேளை அதற்கும் மேல், தன்பாட்டில் தரையை அளந்துவிட்டு வரும். மூன்றாவது, மனிதர் ஏறும் மூழ்குகலம். போர்க்கப்பல் வகை நீர்மூழ்கிபோல இது தனியாக நெடும்பயணம் போவதில்லை. தாய்க்கப்பலில் இருந்து இறங்கி, வேலை முடித்து, அன்றைக்கே அதே கப்பலுக்குத் திரும்பும்.

இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று போட்டி என்றுதான் பொதுவாக எழுதுகிறார்கள். வரலாற்றைப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது. 1966-இல் ஸ்பெயின் கரையில் பாலோமாரெஸ் ஊருக்கு அப்பால் அமெரிக்காவின் ஹைட்ரஜன் குண்டு ஒன்று கடலில் விழுந்தது. தேடிக் கண்டுபிடித்தவர்கள் ஆல்வின் மூழ்குகலத்தில் இருந்த மனிதர்கள். மேலே கொண்டுவந்தது கர்வ் என்ற கேபிள் எந்திரம். குண்டின் பாராசூட்டில் தானே சிக்கிக்கொண்டு, குண்டோடு சேர்த்துத் தூக்கப்பட்டது. 1973-இல் அயர்லாந்துக்கு அப்பால் பைசீஸ் 3 என்ற மூழ்குகலம் சுமார் 480 மீட்டர் ஆழத்தில் இரண்டு பேரோடு சிக்கியது. 76 மணி நேரம் கழித்து, காற்று தீரும் தறுவாயில், இருவரும் உயிரோடு மேலே வந்தார்கள். தூக்குக் கயிற்றை மாட்டும் வேலையில் மற்ற மூழ்குகலங்களோடு கர்வ் வரிசை எந்திரமும் கைகொடுத்தது. மனிதர் தேடியதை எந்திரம் எடுத்தது. மனிதர் சிக்கியபோது எந்திரமும் சேர்ந்து மீட்டது.

1977 பிப்ரவரியில் நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே, சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில், கடல் தரை பிளந்து விரியும் இடத்தில் வெந்நீர் ஊற்று இருக்கும் என்று புவியியலாளர்கள் எதிர்பார்த்தார்கள். முதலில் போனது ஆங்கஸ். கப்பல் கயிற்றில் கட்டி இழுத்துச் செல்லும் கேமராச் சட்டம். அதில் இருந்த வெப்பமானி ஓரிடத்தில் மூன்று நிமிடத்துக்கும் குறைவாக ஏறி இறங்கியது. பிறகு பிலிமைக் கழுவிப் பார்த்தார்கள். சுமார் 3,000 படங்களில் வெறும் எரிமலைப் பாறை. அந்த மூன்று நிமிடத்துக்குரிய 13 படங்களில் மட்டும் நூற்றுக்கணக்கான வெண்சிப்பிகள்.

அடுத்து ஆல்வின் இறங்கியது. உள்ளே இருந்தவர்கள் புவியியலாளர்கள்; உயிர்களைத் தேடி அவர்கள் போகவில்லை. வெதுவெதுப்பான நீர் பாறை இடுக்கில் இருந்து நெளிந்து வந்தது. அதைச் சுற்றிச் சிப்பி, நண்டு, பிறகு ஆளுயரக் குழல்புழுக்கள். கப்பலில் ஓர் உயிரியலாளர்கூட இல்லை. பதப்படுத்தும் மருந்து போதாமல், பனாமாவில் வாங்கி வைத்திருந்த ரஷ்ய வோட்காவில் உயிர்களைப் போட்டு வைத்தார்கள். நீர்மாதிரிக் குப்பியைத் திறந்ததும் அழுகிய முட்டை வாடை அறை முழுக்கப் பரவியது. ஹைட்ரஜன் சல்பைடு! வெயிலே படாத இடத்தில் பாக்டீரியா எதைத் தின்று வாழ்கிறது, மற்ற உயிர்கள் அதை நம்பி எப்படி இருக்கின்றன என்ற புதிருக்கு அந்த வாடைதான் முதல் விடை. எல்லா உணவும் சூரியனில் இருந்து வருகிறது என்று பள்ளிப் புத்தகம் சொன்னதைத் திருத்த வேண்டியதாயிற்று.

இந்தக் கண்டுபிடிப்பு யாருடையது? வெப்பமானியும் கேமராவும் இடத்தைக் காட்டின. மனிதர் போய் நின்றார்கள், எடுத்தார்கள், மேலே வந்து முகர்ந்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து, மெக்சிகோவுக்கு அப்பால், பாறைக் குழாய்களில் இருந்து கரும்புகை போலக் கொதிநீர் பீறிடுவதைப் பார்த்த ஆல்வின் குழு தன் வெப்பமானியை அதற்குள் நீட்டியது. வெளியே எடுத்தால் பிளாஸ்டிக் முனை உருகியிருந்தது. பிறகு அளந்தபோது நீர் ஏறத்தாழ 350 டிகிரி செல்சியஸ் என்று தெரிந்தது. ஆல்வினின் ஜன்னல் அதைவிட வெகு குறைந்த சூட்டிலேயே இளகிவிடும். ஒரு கை நீள தூரத்தில் அவர்கள் மிதந்துகொண்டிருந்தார்கள்.

மனிதர் போக வேண்டும் என்பவர்களின் வாதம் இங்கேதான் வலுப்பெறுகிறது. இரண்டு மீட்டர் விட்டமுள்ள கோளத்துக்குள் மூன்று பேர் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருப்பார்கள். இறங்க இறங்கக் குளிர் ஏறும், மூச்சுக்காற்று உலோகச் சுவரில் பட்டு நீராக வழியும், ஸ்வெட்டர் போட்டிருப்பார்கள். கழிவறை கிடையாது, பாட்டில்தான். இத்தனைக்கும் ஆளாகி ஜன்னலில் முகம் வைப்பவருக்கு, திரை காட்டும் சட்டகத்துக்கு வெளியே இருப்பதும் ஓரக்கண்ணில் படுகிறது. தூரம், அளவு, அசைவு எல்லாம் கண் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் புரிகிறது. அப்படிப்பட்ட ஒரு கண் சிண்டி வான் டோவருக்கு இருந்தது. ஆல்வினை ஓட்டிய முதல் பெண் அவர். அட்லாண்டிக் ஊற்றுகளில் மொய்க்கும், கண்ணில்லாதது என்று கருதப்பட்ட இறாலின் முதுகில் பளபளக்கும் இரண்டு பட்டைகளை வீடியோவில் கவனித்து, அது ஒளியை உணரும் உறுப்பாக இருக்குமோ என்று கேட்டார். இருட்டில் எதைப் பார்க்க அதற்குக் கண்? 1988-இல் வேறொரு ஊற்றின் முன்னால் ஆல்வினின் விளக்குகளை அணைத்துவிட்டுக் கேமராவைத் திறந்து வைத்தார்கள். ஊற்றின் வாய் மங்கலாக ஒளிர்ந்தது. மனிதக் கண்ணுக்கு எட்டாத அந்த ஒளியைக் கேமரா கண்டது. விளக்கை அணைக்கலாம் என்ற எண்ணம் மனிதரிடம் இருந்து வந்தது.

ஆனால் அதே விளக்கு மூழ்குகலத்தின் குறையும் ஆகும். கண்ணைக் குத்தும் வெளிச்சத்தோடும் உந்திகளின் இரைச்சலோடும் வரும் எதையும், அது ஆள் ஏறியதோ எந்திரமோ, கண்டதும் ஆழ்கடல் உயிர்கள் விலகிப் போகின்றன. ராட்சதக் கணவாயைப் பல ஆண்டுகள் தேடியும் அதன் இருப்பிடத்தில் வீடியோ எடுக்க முடியாமல் போனதற்கு இது ஒரு காரணம் என்று எடித் விட்டர் கருதினார். உயிரொளியை ஆராய்பவர் அவர். உந்தி இல்லாத, சத்தமே போடாத மெதுசா என்ற கேமராவை அவர் மிதவையில் இருந்து தொங்கவிட்டார். ஆழ்கடல் உயிர்கள் பெரும்பாலும் காணாத மங்கிய சிவப்பு வெளிச்சம். தூண்டிலுக்கு, அபாயத்தில் இருக்கும் சொறிமீன் ஒளிர்வது போலச் சுற்றிச் சுற்றி மின்னும் நீல விளக்கு வளையம். 2012-இல் ஜப்பானின் ஒகசவாரா தீவுகளுக்கு அருகே கணவாய் வந்தது. மெதுசா முதலில் படம் பிடித்தது. சில நாளில், ஜப்பானிய விலங்கியலாளர் சுனேமி குபோதெரா மூழ்குகலத்தில் விளக்கை அடக்கி இருட்டில் காத்திருந்து, தன் கண்ணாலேயே அதைப் பார்த்தார். கணவாயைக் கொண்டுவந்தது பொறுமை. மனிதர், எந்திரம் என்ற பிரிவினை அங்கே பொருளற்றுப் போகிறது.

பொறுமை என்றால் நேரம். இங்கே எந்திரத்துக்குத்தான் கை ஓங்கியிருக்கிறது. ஆல்வினின் ஒரு நாள் எட்டுப் பத்து மணி நேரம்; அதில் பாதி இறங்கவும் ஏறவும் போய்விடும். ஜேசன் என்ற ஆர்.ஓ.வி. ஒரு நாளுக்கு மேலும் கீழேயே கிடக்கும். கப்பலில் ஓட்டுநர்கள் ஷிப்ட் மாறிக்கொள்வார்கள். ஆர்கோ மிதவைகள் இன்னும் எளிமையானவை. சுமார் 4,000 மிதவைகள் உலகக் கடலெங்கும் அலைகின்றன. பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, வெப்பத்தையும் உப்பையும் அளந்து, மேலே வந்து செயற்கைக்கோளுக்குச் சொல்லிவிட்டு மறுபடி மூழ்கும். கடல் எவ்வளவு சூடாகிறது என்று இன்று நாம் பேசும் பேச்சுக்கெல்லாம் பெரும்பாலும் இவைதான் சாட்சி. இவற்றைப் பற்றி யாரும் சாகசக் கதை எழுதுவதில்லை.

எந்திரம் இன்னொரு கதவையும் திறந்தது. ஷ்மிட் கடல் ஆய்வு நிறுவனத்தின் சுபாஸ்டியன் என்ற ஆர்.ஓ.வி. கீழே பார்ப்பதை இணையத்தில் நேரலையாக யாரும் பார்க்கலாம். 2025-இல் அர்ஜென்டினா ஆய்வாளர்கள் மார் தெல் பிளாத்தா பள்ளத்தாக்கில் இதை இயக்கியபோது, அந்த நாட்டு மக்கள் வேலையிடத்திலும் வீட்டிலும் திரையைவிட்டு நகரவில்லை. அதே ஆண்டு மார்ச்சில் தெற்கு சாண்ட்விச் தீவுகளுக்கு அருகே 600 மீட்டர் ஆழத்தில் 30 செண்டிமீட்டர் நீளத்தில் கண்ணாடி போன்ற ஒரு குட்டியை இது பதிவு செய்தது. உலகிலேயே எடை மிகுந்த கணவாய் இனத்தின் குட்டி அது. 1925-இல் பெயர் வைத்து நூறு ஆண்டு கழிந்தபின், அந்த இனம் தன் வீட்டில் உயிரோடு இருக்கும் காட்சி முதல்முறையாகக் கிடைத்தது. மூழ்குகலத்தில் போகும் மூவரில் ஒருவர் பார்ப்பதை மற்ற இருவரே பார்க்காமல் விடக்கூடும். இங்கே ஒரே காட்சியை ஆயிரம் நிபுணர்கள் ஆயிரம் ஊரில் இருந்து பார்த்துச் சொல்கிறார்கள்.

இவ்வளவு சொன்னபின், எந்திரமே போதும் என்று முடிக்கத் தோன்றும். மிக ஆழமான அகழிகள் அந்த முடிவுக்கு இடம் கொடுப்பதில்லை. பதினொரு கிலோமீட்டர் கேபிள் என்பது அதன் எடையாலேயே இழுபடும் பெரும் சுமை. ஜப்பானின் கைகோ 1995-இல் சேலஞ்சர் பள்ளத்தின் தரையைத் தொட்டது; 2003-இல் ஷிகோகுவுக்கு அப்பால் கேபிள் அறுந்து காணாமல் போனது. அமெரிக்காவின் நீரியஸ் தலைமுடி போன்ற கண்ணாடி இழையை விரித்துக்கொண்டு 2009-இல் அங்கே போய் வந்தது. 2014 மே மாதம் நியூசிலாந்துக்கு வடக்கே கெர்மடெக் அகழியில், 9,900 மீட்டர் ஆழத்தில், அதன் உறுப்பு ஒன்று நொறுங்கியிருக்க வேண்டும். துண்டுகள்தான் மிதந்து வந்தன. பல ஆண்டு உழைத்தவர்கள் கலங்கி நின்றார்கள். ஆனால் யாருடைய வீட்டிலும் இழவு விழவில்லை.

அகழி அடியில் இன்று அடிக்கடி இறங்கி வேலை செய்வது மனிதர் ஏறும் சீனக் கலம்தான். ஃபெண்டோசே 2020 நவம்பரில் மூன்று பேரோடு 10,909 மீட்டரைத் தொட்டது. அதைவிட முக்கியம், அதே கலத்தில் 2024 கோடையில் ஆய்வாளர் தூ மெங்ரானும் அவர் தோழர்களும் குரில்–கம்சட்கா அகழியிலும் அலூஷியன் அகழியிலும் மறுபடி மறுபடி இறங்கியது. 9,533 மீட்டர் ஆழம் வரை, சுமார் 2,500 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆங்காங்கே, வேதிப்பொருளை உண்டு வாழும் குழல்புழுக்களையும் சிப்பிகளையும் கண்டார்கள். திரியெஸ்தேவின் இருபது நிமிடத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆழம் கொஞ்சம் குறைவுகூட. முக்கியமாக மாறியது, திரும்பத் திரும்பப் போனது.

திரும்பத் திரும்பப் போவதற்குக் கலம் ஒவ்வொரு முறையும் அதே பலத்தோடு இருக்க வேண்டும். டைட்டன் விபத்தைப் பற்றி இந்த இடத்தில்தான் பேச வேண்டும். 2023 ஜூன் 18 அன்று, 3,800 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் டைட்டானிக்கைப் பார்க்க ஓஷன்கேட் நிறுவனத்தின் டைட்டன் ஐந்து பேரோடு இறங்கியது. ஒன்றே முக்கால் மணி நேரத்தில் தொடர்பு அறுந்தது. நான்கு நாள் கழித்து ஓர் ஆர்.ஓ.வி. டைட்டானிக்கின் முன்பகுதிக்குச் சுமார் 500 மீட்டர் தூரத்தில் சிதறலைக் கண்டது. ஐவரும் இறந்திருந்தார்கள். ஆல்வின் போன்றவற்றின் கோளம் டைட்டானியத்தால் ஆனது. உருண்டை வடிவம் அழுத்தத்தை எல்லாப் பக்கமும் சமமாகப் பகிர்ந்துகொள்ளும். டைட்டன் அதிக ஆள் ஏற்றுவதற்காக நீள உருளையாக, கார்பன் இழையால் செய்யப்பட்டது. கார்பன் இழை இழுவிசைக்குப் பேர்போனது. நசுக்கும் விசைக்கு அதே உறுதி கிடையாது, ஒவ்வொரு இறக்கத்திலும் அடுக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் விட்டுக்கொடுக்கலாம். சுதந்திரமான அமைப்பு எதனிடமும் அந்தக் கலம் தரச்சான்று பெறவில்லை. இந்த மரணங்கள் தவிர்க்கக்கூடியவை என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விசாரணை அறிக்கை 2025-இல் சொன்னது. படகில் கயிறு பிடிக்க ஆள் வேண்டாம் என்று முத்துக் குளிக்கப் போன கதை இது. முறையாகச் சோதிக்கப்பட்ட ஆல்வின் 5,000 முறைக்கு மேல் இறங்கி ஏறியிருக்கிறது என்பதையும் இதோடு சேர்த்து நினைக்க வேண்டும்.

இப்போது நம் வாசலுக்கு வரலாம். 1993-இல் தொடங்கிய, என்.ஐ.ஓ.டி. என்று எல்லோரும் சொல்லும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கிறது. இந்தியாவின் ஆழ்கடல் எந்திரங்கள் பெரும்பாலும் இங்கே உருவானவை, அல்லது இங்கிருந்து இயக்கப்படுபவை. ரஷ்யப் பொறியாளர்களோடு சேர்ந்து உருவாக்கிய ரோசப் 6000 என்ற ஆர்.ஓ.வி. 2010-இல் மத்திய இந்தியப் பெருங்கடலில் 5,289 மீட்டர் இறங்கியது. தானியங்கிக் கலம் ஒன்று, மத்திய இந்திய மலைத்தொடரில், 4,500 மீட்டர் ஆழத்து வெந்நீர் ஊற்று ஒன்றைப் படம் எடுத்து வந்த செய்தி 2024 டிசம்பரில் வெளியானது.

2021-இல் ஐந்தாண்டுக்கு 4,077 கோடி ரூபாயோடு ஒப்புதல் பெற்ற ஆழ்கடல் திட்டத்தின் முகமாக நிற்பது மத்ஸ்யா 6000. மூவர் அமரும் கலம், 2.1 மீட்டர் விட்டமும் 80 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட டைட்டானியக் கோளம். வழக்கமாக 12 மணி நேரம், அவசரம் என்றால் 96 மணி நேரம் தாக்குப்பிடிக்கும் ஏற்பாடு. 2025 தொடக்கத்தில் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் அதை நீரில் இறக்கிச் சோதித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் இரண்டு இந்தியர்கள் பிரான்சின் நாட்டீல் கலத்தில் அட்லாண்டிக்கில் பயிற்சிக்கு இறங்கினார்கள்: ஆர். ரமேஷ் 4,025 மீட்டர், ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ஜதிந்தர் பால் சிங் 5,002 மீட்டர். இந்தத் திட்டத்தை வெறும் கௌரவச் செலவு என்பவர்களோடு நான் உடன்படவில்லை. அந்தக் கோளத்தைப் பற்றவைக்கக் கற்ற கை, அதன் மிதவைப்பொருளையும் ஒலித்தொடர்பையும் செய்து பழகிய குழு, நாளை செய்யும் ஒவ்வொரு எந்திரத்துக்கும் உதவும். மனிதர் உள்ளே இருக்கிறார் என்ற பயம் கற்றுத்தரும் கவனத்தை வேறெதுவும் கற்றுத்தராது.

ஆனால் நிமிடத்துக்கு 30 மீட்டர் வேகத்தில் இறங்கினால் 6,000 மீட்டருக்கு 200 நிமிடம். போக வர ஆறு மணி நாற்பது நிமிடம் கழிந்தால் 12 மணி நேரத்தில் அடிக்கு மிஞ்சுவது ஐந்து மணி நேரம் சொச்சம். முதல் இறக்கத்துக்கு நாடே கைதட்டும். நூறாவது இறக்கத்துக்குக் கப்பல் எரிபொருளுக்கும், கேமரா பதிவுகளை உட்கார்ந்து பார்த்து உயிர்களுக்குப் பெயர் வைக்கும் இளைஞர்களின் சம்பளத்துக்கும் பணம் இருக்குமா? என் கவலை அங்கேதான். பக்கத்திலேயே பத்துத் தானியங்கிக் கலங்களும் நூறு எளிய கேமராத் தொட்டில்களும் வேலை செய்தால்தான் அந்த ஐந்து மணி நேரத்தை எங்கே செலவிடுவது என்று மூவருக்கும் தெரியும். ஆங்கஸ் இல்லாமல் ஆல்வின் அந்த ஊற்றின் பக்கமே போயிருக்காது.

இதையெல்லாம் விரைவில் செய்ய வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. மத்திய இந்தியப் பெருங்கடல் படுகையில் 75,000 சதுர கிலோமீட்டரில் கனிம உருண்டைகளை ஆராயும் உரிமையைச் சர்வதேசக் கடற்படுகை ஆணையத்தோடு 2002-இல் செய்த ஒப்பந்தத்தின் கீழ் இந்தியா வைத்திருக்கிறது. உருளைக்கிழங்கு அளவில் கரேலென்று தரையில் கிடக்கும் இவற்றில் மாங்கனீசு, நிக்கல், தாமிரம், கோபால்ட் இருக்கின்றன. பத்து லட்சம் ஆண்டில் சில மில்லிமீட்டர் என்ற கணக்கில் வளர்பவை. அள்ளும் எந்திரமும் தயாராகிறது, என்.ஐ.ஓ.டி.யின் வராஹா ஊர்தி 2021-இல் 5,270 மீட்டர் ஆழத்துத் தரையில் ஊர்ந்து காட்டியது.

கீழே எல்லாம் மிக மெதுவாக நடக்கிறது. 1968-இல் ஆல்வின், கப்பலில் இருந்து தன்னை இறக்கும் கேபிள் அறுந்து, ஆட்கள் தப்பியபின், 1,500 மீட்டரில் பத்து மாதம் மூழ்கிக் கிடந்தது. தூக்கியபோது உள்ளே விட்டுவந்த மதிய உணவு நனைந்திருந்தது, கெட்டுப்போகவில்லை. அழுகல் அவ்வளவு மெதுவென்றால் காயம் ஆறுவதும் அப்படித்தான். 1979-இல் பசிபிக்கின் கிளாரியன்–கிளிப்பர்ட்டன் பகுதியில் உருண்டை அள்ளிப் பார்த்த எந்திரத்தின் தடத்தை 44 ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தார்கள். சில உயிர்கள் திரும்பியிருந்தன. தடம் நேற்று உழுதது போல இருந்தது. அந்தப் பகுதியில் வாழும் இனங்கள் ஐயாயிரத்துக்கும் மேல் என்றும், அவற்றில் பத்துக்கு ஒன்பதுக்கு இன்னும் அறிவியல் பெயரே இல்லை என்றும் 2023-இல் ஒரு மதிப்பீடு வந்தது.

நம் படுகையில் என்னென்ன வாழ்கின்றன என்பதை அள்ளுவதற்கு முன் ஒரு முறையாவது முழுதாகப் பார்க்க வேண்டும். ஒரு தானியங்கிக் கலம் நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில், ஐந்து மீட்டர் அகலத்துக்குப் படம் எடுத்தபடி, மின்கலம் மாற்றக்கூட மேலே வராமல் இரவு பகலாகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் அது பார்ப்பது ஒரு சதுர கிலோமீட்டரில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு. 75,000 சதுர கிலோமீட்டரையும் பார்த்து முடிக்க 317 ஆண்டுகள் ஆகும். பத்துக் கலம் இருந்தால் முப்பத்திரண்டு.